பார்த்தெழுதிக் கற்போம்: டர்னரின் துறைமுகம்

ஓவியம் பயில விரும்புவோரை நம்மவர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளால் எதிர்கொள்கின்றனர். "இதனால் என்ன பயன்?" என்பது முதற்கேள்வி. அதற்கு ஏதோ விடை கூறித் தப்பினாலும், பிறர் எழுதிய படம் ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கியவுடன் இரண்டாம் கேள்வி வந்து நிற்கிறது. "மற்றொருவர் எழுதியதைப் பார்த்தெழுதுவதில் உமக்கு என்ன பெருமை?" முதற்கேள்விக்குக் காலம் விடை கூறட்டும். இரண்டாவது கேள்வியோ ஆராயத்தக்கது. அதற்கு அஞ்சியே தூரிகையைக் கீழே வைத்துவிட்ட இளைஞர் பலரையும், திருமணத்திற்குப் பின் பழைய வண்ணப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்ட பெண்மணிகள் பலரையும் நாம் அறிவோம்.

மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் சிலர், ஞாயிறு பிற்பகல்களில் ஒரு வீட்டுக் கூடத்தில் கூடி எண்ணெய் வண்ண ஓவியம் பயின்று வருகிறோம். எங்களுள் வங்கிப் பணியினின்று ஓய்வு பெற்றவர் உண்டு. இல்லறத் தலைவியர் உண்டு. பள்ளியிறுதி வகுப்பில் பயிலும் மாணவி ஒருத்தியும் உண்டு. எங்களுக்குத் தனி ஆசிரியர் இல்லை. ஒரு படத்தையே ஆசிரியராகக் கொண்டோம். ஆங்கிலேய ஓவியர் டர்னர் 1815-இல் காட்சிக்கு வைத்த "டைடோ கார்த்தேஜ் நகரை எழுப்புதல்" என்னும் துறைமுகக் காட்சியே அப்படம். அதனைப் பார்த்தெழுதியதில் நாங்கள் கண்டறிந்தவற்றை, நம் மாத இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

படியெடுத்தல் இழிவன்று

எங்கள் குழுவின் மாணவி ஓவியக் கல்லூரியில் சேர விரும்புகிறாள். அவளுடைய பாட்டனார் இசையறிவு மிக்கவர். பேத்தியின் விருப்பத்திற்குத் தடை கூறாதவர். ஆயினும், "பார்த்தெழுதிப் பழகினால் சொந்தக் கை மழுங்கிவிடும்" என்று அவர் உறுதியாக நம்பினார். ஒருநாள் அவள், "தாத்தா, நீங்கள் பாட்டுக் கற்றுக்கொண்டபோது முதல் நாளே சொந்தமாகக் கீர்த்தனை இயற்றினீர்களா?" என்று பணிவோடு கேட்டாள். பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "சரளி வரிசை, கீதம், வர்ணம் என்று குருவின் வாயைப் பார்த்துப் பாடியே பத்தாண்டுகள் போயின" என்று சிரித்தார்.

உண்மை அதுவே. நம் இசையில் பாடாந்தரம் என்பது ஒரு பெருமை. அதனைத் திருட்டென்று எவரும் கூறுவதில்லை. ஏட்டுச் சுவடிகளைப் பெயர்த்தெழுதியோர் இல்லையேல் சங்க நூல்களே நமக்குக் கிடைத்திரா. ஓவியத்திற்கும் இந்நெறி பொருந்தும். பாரிசு நகரத்து லூவர் அருங்காட்சியகம் 1793-இல் திறக்கப்பட்ட காலந்தொட்டே ஓவியர்கள் அங்கே வந்து பார்த்தெழுதிப் பயின்றனர், இன்றும் பயில்கின்றனர். பிரதியின் அளவு மூலத்தின் அளவினின்று வேறுபட்டிருத்தல் வேண்டும் என்பது அங்குள்ள விதி. டெகா, செசான், மத்தீசு முதலிய புதுமையாளர் அனைவரும் அக்கூடங்களில் பழையோரைப் பார்த்தெழுதியவர்களே. வான் கோக் 1889-90ஆம் ஆண்டுகளில் மருத்துவ விடுதியில் தங்கியிருந்தபோது, மில்லே என்பாரின் படங்களைத் தம் வண்ணத்தில் மீண்டும் எழுதினார். பிறர் இயற்றிய இசையைக் கலைஞர் தம் மனோதர்மப்படி வாசிப்பதற்கு அதனை அவர் ஒப்பிட்டார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. சென்னைப் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் என்பவர் 1844 முதல் அஜந்தாச் சுவரோவியங்களைக் கித்தானில் எண்ணெய் வண்ணத்தால் படியெடுத்தார். அவற்றுள் பெரும்பாலானவை 1866-இல் இலண்டன் பளிங்கு மாளிகைத் தீயில் அழிந்தன. பின்னர் 1872 முதல் 1885 வரை பம்பாய் ஜே. ஜே. ஓவியப் பள்ளியின் ஜான் கிரிஃபித்சும் அவர்தம் மாணவர்களும் அப்பணியை மீண்டும் செய்தனர். அம்மாணவர்கள் அஜந்தாவின் கோடுகளைக் கைவிரல்களால் கற்றவர்கள். எண்ணெய் வண்ணத்தால் புகழ்பெற்ற இரவிவர்மாவோ, 1868-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பிய ஓவியர் வரைவதை அருகிருந்து பார்த்தே பெரும்பாலும் அம்முறையை அறிந்துகொண்டார்.

டர்னரும் பார்த்தெழுதியவரே

நாங்கள் தேர்ந்த படத்திற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதுவே மற்றொரு துறைமுகப் படத்தைப் பின்பற்றி எழுந்தது.

டர்னர் 1775-இல் இலண்டன் நகரில் முடிதிருத்துவோர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையில் அவரும் கெர்ட்டின் என்னும் நண்பரும் மன்றோ என்ற மருத்துவரின் இல்லத்தில் மாலைதோறும் அமர்ந்து, கசன்சு முதலியோரின் சித்திரங்களைப் படியெடுத்தனர். கெர்ட்டின் கோடு வரைவார். டர்னர் நீர்வண்ணம் தோய்ப்பார். ஒரு மாலைக்கு மூன்றரை ஷில்லிங் அவருக்குக் கிடைத்தது. 1802-இல் பாரிசு சென்றபோதும் லூவரில் பழைய படங்களின் முன் நின்று குறிப்பெழுதினார்.

அவர் மிக உயர்வாக மதித்த முன்னோர் கிளாட் லோரேன் என்னும் பிரெஞ்சுக்காரர். உரோமையில் வாழ்ந்து 1682-இல் மறைந்தவர். சேபா நாட்டரசி மரக்கலம் ஏறும் துறைமுகக் காட்சி ஒன்றை அவர் 1648-இல் எழுதினார். இருபுறமும் மாளிகைகள், நடுவே நீர்ப்பரப்பு, அடிவானத்தில் காலைக் கதிரவன், அவனிடமிருந்து நம்மை நோக்கி நீரின்மேல் ஓடிவரும் ஒளிப்பாதை என்பது அதன் அமைப்பு. அப்படத்தைக் கண்டு இளைஞரான டர்னர், தம்மால் இப்படி ஒருபோதும் எழுத இயலாது என்று கண்ணீர் விட்டார் எனக் கூறுவர். 167 ஆண்டுகளுக்குப் பின், அதே அமைப்பைக் கைக்கொண்டு டைடோவின் துறைமுகத்தை எழுதினார்.

இதனை அவர் மறைக்கவில்லை. தம் படமும் கிளாடின் படமும் அருகருகே தொங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு தம் படத்தை இலண்டன் தேசிய ஓவியக் கூடத்திற்கு உயில் எழுதி வைத்தார். 1851-இல் அவர் மறைந்தார். இன்றும் இரண்டும் ஓர் அறையில் தொங்குகின்றன. எவரிடம் கற்றோம் என்பதை உலகறியக் கூறுவதில் அவர் இழிவு காணவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்ற துணிவே அவரிடம் இருந்தது.

குடிபெயர்ந்தோர் எழுப்பிய நகரம்

படத்தின் கதை நம் போன்றோர் நெஞ்சைத் தொடுவது. டைடோ, இன்றைய லெபனான் நாட்டுக் கடற்கரையிலுள்ள டயர் நகரத்தவள். அவளுடைய கணவன் சிக்கேயசைப் பொன்னுக்காக அவளுடைய உடன்பிறந்தானே கொன்றான். அவள் தன்னைச் சேர்ந்தாரோடு கப்பலேறித் தப்பி, இன்றைய துனீசியக் கரையை அடைந்தாள். ஓர் எருதின் தோல் அளக்கும் நிலம் மட்டும் தருவதாக அவ்வூரார் கூற, தோலை மெல்லிய வாராக அறுத்துப் பெருநிலம் வளைத்தாள் என்பது புராதனக் கதை. அங்கு எழுந்ததே கார்த்தேஜ். பினீசிய மொழியில் அச்சொல்லுக்குப் "புது நகரம்" என்பது பொருள். நம் தமிழகத்தில் எத்தனை புதூர்கள் உள்ளன என்பதை எண்ணிப் பார்க்கும் வாசகர்க்கு இப்பெயர் அந்நியமாகத் தோன்றாது.

டர்னர் அக்கதையின் காலைப்பொழுதைக் காட்டுகிறார். இடக்கரையில் மாளிகைகள் எழுந்துகொண்டிருக்கின்றன. நீலமும் வெள்ளையும் உடுத்த டைடோ பணியாளரிடையே நிற்கிறாள். முன்னே நீரோரத்தில் சிறுவர்கள் விளையாட்டுப் படகு ஒன்றை மிதக்கவிடுகின்றனர். பின்னாளில் கடலாளப்போகும் நகரத்திற்கு அஃது ஒரு குறி. வலக்கரையில், மரச்செறிவின் அருகே, சிக்கேயசின் கல்லறை அமைந்திருக்கிறது. விட்டு வந்த வாழ்வு ஒரு கரையிலும், எழுப்பும் வாழ்வு மறுகரையிலுமாக நிற்க, நடுவே நீரும் ஒளியும் உள்ளன.

பேத்தியின் பிரதியில் வலக்கரை முதன்முதல் உருப்பெற்ற நாளில், பாட்டனார் அதன் முன் நெடுநேரம் நின்றார். "அந்தக் கல்லறையை இன்னும் சற்று இருளில் வை, அம்மா. எப்போதும் கண்ணில் பட வேண்டாம், தேடினால் கிடைத்தால் போதும்" என்றார். அறுபதாண்டுகளுக்கு முன் ஊரை விட்டு வந்தவர் அவர். மூலப்படத்தைப் பார்த்தோம், அவர் கூறியது சரியாகவே இருந்தது.

கருவிகளும் அடிப்பூச்சும்

இனிச் செய்முறைக்கு வருவோம். மூலப்படம் ஏறத்தாழ 155 செ.மீ. உயரமும் 230 செ.மீ. அகலமும் உடையது. நம் கூடங்களுக்கு அஃது ஒவ்வாது. 16 அங்குல உயரமும் 24 அங்குல அகலமும் கொண்ட கித்தான் ஏறக்குறைய அதே விகிதத்தில் அமையும். தேசிய ஓவியக் கூடத்தின் இணையதளத்தில் படத்தைத் தெளிவாகக் காணலாம். நல்ல அச்சுப்படி ஒன்றையும் உடன் வைத்துக்கொள்ளுதல் நலம்.

வண்ணங்கள் பல வேண்டா. டைட்டேனியம் வெள்ளை, மஞ்சட்காவி, எலுமிச்சை மஞ்சள், சுட்ட சியென்னா, பச்சை அம்பர், அலிசரின் சிவப்பு, அல்ட்ராமரின் நீலம் ஆகிய ஏழும் போதும். பழைய ஓவியர் பயன்படுத்திய ஈய வெள்ளை நஞ்சுடையது. குழந்தைகள் உள்ள இல்லத்தில் அதனை நுழையவிடலாகாது. பன்றிமயிர்த் தூரிகைகள் நான்கு, மென்மயிர்த் தூரிகைகள் இரண்டு, கலவைக்கத்தி ஒன்று, ஆளிவிதை எண்ணெய், டர்பென்டைன் ஆகியன பிற தேவைகள்.

கடையில் கிடைக்கும் கித்தான் வெண்ணிற அடிப்பூச்சோடு வரும். அவ்வெண்மையின் மேல் நேரே எழுதத் தொடங்கினால் எந்த நிறமும் இருண்டே தோன்றும். ஆகவே, சிறிது மஞ்சட்காவியும் சியென்னாவும் டர்பென்டைனில் கரைத்து மெல்லிய பூச்சாகத் தடவித் துணியால் துடைத்துவிடுக. இளம் பொன்னிறமான அத்தளம், பின்னர் வரும் காலையொளிக்கு உள்ளிருந்து துணைசெய்யும்.

கட்டமும் கோலமும்

அச்சுப்படியின் மீதும் கித்தானின் மீதும் சமமான கட்டங்கள் வரைதல் அடுத்த படி. 24 அங்குல அகலத்தை ஆறாகவும், 16 அங்குல உயரத்தை நான்காகவும் பகுத்தால் நான்கங்குலக் கட்டங்கள் இருபத்துநான்கு கிடைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எக்கோடு எங்கே புகுந்து எங்கே வெளியேறுகிறது என்பதை மட்டும் பார்த்து வரைக. மாளிகை, மரம், மனிதர் என்ற பெயர்களை அப்போதைக்கு மறந்துவிட வேண்டும்.

இம்முறையை முதலில் பற்றிக்கொண்டவர்கள் எங்கள் இல்லத்தலைவியரே. புள்ளி வைத்துக் கோலமிடும் கைக்கு இது புதிதன்று. பதினைந்து புள்ளி, எட்டு வரை ஊடுபுள்ளி என்று எண்ணிச் சிக்கலான கம்பிக்கோலத்தை வாசலில் இறக்குபவர்க்கு, இருபத்துநான்கு கட்டங்கள் எம்மட்டு? அக்கோலத்தையும் அவர்கள் தம் அன்னையரைப் பார்த்தே கற்றனர். "எனக்கு ஓவியம் வராது" என்று கூறிய அம்மையார் ஒருவர், மற்றெல்லாரினும் செம்மையாக இடக்கரை மாளிகைகளை வரைந்து முடித்தார்.

ஒளியை எழுதுதல்

இப்படத்தின் உயிர் கதிரவனில் உள்ளது. கற்பவர்க்கு இதுவே பெருஞ்சிக்கல். குழாயிலுள்ள வெள்ளை வண்ணம் வெறும் வெள்ளையே. அஃது ஒளி வீசாது. அப்படியாயின் டர்னரின் ஞாயிறு கண்ணைக் கூசச்செய்வது எங்ஙனம்?

விடை சுற்றுப்புறத்தில் இருக்கிறது. முதலில் பச்சை அம்பரால் மட்டும் படம் முழுவதையும் ஒருநிறத்தில் எழுதிப் பார்த்தல் வேண்டும். மிக இருண்டது, இருண்டது, இடைநிலை, வெளிறியது, மிக வெளிறியது என ஐந்து படிகள் போதும். கண்களைச் சிறிது இடுக்கிப் பார்த்தால் நுணுக்கங்கள் மறைந்து இவ்வைந்தும் புலப்படும். கைப்பேசியில் படத்தைக் கருப்பு வெள்ளையாக்கி ஒப்பிடுவதும் உதவும். அப்போது, மிக வெளிறிய பகுதி கதிரவனும் அவனைச் சூழ்ந்த சிற்றிடமும் நீரின்மேல் உள்ள ஒளிப்பாதையும் மட்டுமே என்பது தெரியவரும். வானத்தின் மேற்பகுதிகூட நாம் எண்ணியதினும் இருண்டது. வானம் முழுவதையும் வெள்ளை கலந்து வெளுத்துவிடுபவர்க்குக் கதிரவனுக்கென மிச்சம் எதுவும் இராது.

அடுத்து விளிம்புகள். கதிரவனுக்கு அண்மையிலுள்ள தொலைக்கட்டடங்களின் விளிம்புகள் ஒளியில் கரைந்துவிடுகின்றன. அண்மைக் கரையிலுள்ள தூண்களின் விளிம்புகள் கூர்மையாக நிற்கின்றன. தொலைவிலுள்ளவை வெளிறியும், அருகிலுள்ளவை அழுத்தமாகவும் தோன்றுதல் காற்றின் செயல். காற்றிலுள்ள ஈரமும் தூசியும் ஒளியைச் சிதறச் செய்வதால் இது நிகழ்கிறது. ஆகவே தொலைவிலுள்ள சுவர்களுக்கு மென்மயிர்த் தூரிகை கொண்டு, ஈரவண்ணத்தின் விளிம்பை அடுத்த வண்ணத்துள் மெல்ல இழுத்துவிடுக.

மூன்றாவது, வண்ணத்தின் கனம். இருளை மெல்லிதாகவும் ஊடுருவிப் பார்க்கத் தக்கதாகவும் எழுதுக. ஒளியைக் கெட்டியாக வைக்க. இருள் மெல்லிதாயின் அடித்தளத்துப் பொன்னிறம் அதனூடே தெரிந்து, நிழலுக்கு வெம்மை தரும். வெள்ளையும் எலுமிச்சை மஞ்சளும் கலந்த கதிரவனைக் கலவைக்கத்தியால் இறுதியில் ஒரே முறை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுதல் நன்று.

பொறுமையும் பாதுகாப்பும்

எண்ணெய் வண்ணம் நீர்போல் ஆவியாகி உலர்வதன்று. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுகிறது. மேற்பரப்பு சில நாட்களில் உலர்ந்தாலும், உள்ளே இறுகப் பல மாதங்கள் ஆகும். எனவே கீழ்ப்பூச்சுகளில் டர்பென்டைன் மிகுதியாகவும், மேற்பூச்சுகளில் எண்ணெய் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். முறை மாறினால் மேற்பூச்சு முன்னரே இறுகி, பிற்காலத்தில் வெடிப்புக் காணும். நிறங்களின் நிலைப்பிலும் கவனம் வேண்டும். டர்னர் விரைவில் மங்கும் நிறங்கள் சிலவற்றைப் பொருட்படுத்தாது கையாண்டமையால், அவருடைய படங்கள் பலவற்றில் நிறங்கள் மாறிவிட்டன. இறுதி வார்னிஷ் பூசுவதற்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பொறுத்தல் நலம்.

மும்பை மழைக்காலத்தில் கித்தானின் பின்புறம் பூஞ்சணம் பிடிக்கக்கூடும். ஈரச்சுவரில் சாய்த்துவைக்காது, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்தி வைக்க.

மற்றொன்றை இல்லத்தார் அனைவரும் நினைவிற்கொள்ள வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்தால், அவை தாமே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஒவ்வொரு துணியையும் வெளியே விரித்து உலர்த்துக. அல்லது நீர் நிறைந்த மூடியுள்ள தகரக் கலத்தில் இடுக. டர்பென்டைனைச் சமையலறையின் அருகே திறவாதீர். சாளரத்தைத் திறந்துவைத்தே எழுதுக.

பெயர் இடும் முறை

பிரதி முடிந்தபின் அதன் பின்புறத்தில், "டர்னரைப் பின்பற்றி" என்று எழுதி, அதன் கீழ்த் தம் பெயரும் ஆண்டும் இடுதல் நேர்மை. டர்னரின் பெயரை முன்புறத்தில் இடலாகாது. நெடுங்காலத்திற்கு முன் மறைந்தவராதலின் அவர் படத்தைப் படியெடுக்கச் சட்டத்தடை இல்லை. ஆயினும் பிரதியை மூலமென்று காட்டுதல் வஞ்சகம். பிரதியைப் பிரதியென்று கூறுதல் கல்வி. இரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை நம் பிள்ளைகள் இளமையிலேயே அறிந்துகொள்வது நன்று.

பிரதியோடு நின்றுவிடுவதும் தகாது. வர்ணம் பாடியவர் ஒருநாள் தாமே ஆலாபனை செய்யத் துணிய வேண்டும். அதற்கு மும்பைவாழ் நம்மவர்க்கு இயற்கையே ஒரு வாய்ப்பை அளித்துள்ளது. இந்நகரின் மேற்குக் கரையில் கதிரவன் கடலில் மறைவதைக் காணத் திரள்வோர் பலர். துறைமுகமோ கிழக்குக் கரையில் உள்ளது. ஆகவே அங்குக் கதிரவன் நீரின்மேல் உதிக்கிறான். கிளாடும் டர்னரும் எழுதிய அதே அமைப்பு, இந்தியாவின் நுழைவாயில் அருகே வைகறையில் நம் கண்முன் விரிகிறது. சென்னையில் வாழ்வோர்க்கும், விசாகப்பட்டினத்தில் வாழ்வோர்க்கும் கீழ்க்கடல் இதனையே அளிக்கிறது.

எங்கள் மாணவி இப்போது வாரம் ஒருமுறை தந்தையாரோடு முதல் மின்ரயிலில் சென்று, அங்கே சிறு அட்டைகளில் எழுதி வருகிறாள். மீன்படகுகளும், நங்கூரமிட்ட கப்பல்களும், புகைபடிந்த அடிவானமும் அவற்றில் உள்ளன. மாளிகைத் தூண்கள் இல்லை. எனினும், வானம் எவ்வளவு இருண்டிருந்தால் ஞாயிறு ஒளிரும் என்பதை அவள் கை அறிந்திருக்கிறது. கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு அவள் எடுத்துச்செல்ல எண்ணியிருப்பவை அவ்வட்டைகளே.

ஆகவே அன்பர்களே, பார்த்தெழுதுவதற்கு நாணவேண்டா. பிள்ளைகள் கேட்டால் கித்தான் வாங்கிக் கொடுங்கள். பரண்மேல் வண்ணப்பெட்டி இருப்பின் கீழே இறக்குங்கள். குழாய்கள் இறுகியிருந்தால் ஏழு நிறங்களைப் புதிதாக வாங்குங்கள். நல்ல படம் ஒன்றைத் தேர்ந்து, கட்டமிட்டு, கண்களை இடுக்கிப் பார்த்துத் தொடங்குங்கள். கற்றவரிடமிருந்து கற்றோம் என்று துணிந்து கூறுங்கள். பின்னர் ஒருநாள் விடியற்காலையில், நீங்கள் வாழும் ஊரின் ஒளியை உங்கள் கைகொண்டே எழுதுங்கள்.